மீட்டர் ஓடுவது கணினிக்குத் தெரியாது

போனில் மட்டும் நெட் பார்க்கிறவரை ஒரு நாளைக்கு 1 ஜிபி தாராளம். அதே போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு லேப்டாப்பை இணைத்தால், நான்கு மின்னஞ்சல் பார்த்து ஓர் ஆவணத்தைத் திருத்தி முடிப்பதற்குள் அந்த 1 ஜிபி காலியாகிவிடும். நெட் நிறுவனம் கணக்கில் கைவைக்கிறது என்ற சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது. பெரும்பாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். டேட்டாவைக் குடித்தது லேப்டாப்.

சிம்மில் வரும் டேட்டா அளவோடுதான் வரும் என்பதை அறிந்தே போனின் இயங்குதளத்தை எழுதியிருக்கிறார்கள். செயலிகளின் அப்டேட்டும் படங்களின் பேக்கப்பும் வைஃபை வரட்டும் என்று காத்திருக்கும். லேப்டாப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஹாட்ஸ்பாட்டும் அதற்கு இன்னொரு வைஃபைதான். பின்னால் இருப்பது ஃபைபரா, எண்ணி எண்ணிச் செலவழிக்கிற சிம்மா என்று அது கேட்பதில்லை. இணைப்பு கிடைத்த மறுநிமிடமே இயங்குதள அப்டேட், கிளவுட் கோப்புறை, ஆன்டிவைரஸ், பிரவுசர், விளையாட்டுகள் என்று எல்லாம் வரிசையில் நின்று இறக்கத் தொடங்கும். திரையில் ஒரு அறிகுறியும் தெரியாது.

குறைந்த விலை பிளானை வைத்துக்கொண்டு முழு நேரமும் கணினியில் வேலை செய்ய முடியும். அதற்கு முதலில் செய்ய வேண்டியது, மீட்டர் ஓடுகிறது என்று கணினிக்குச் சொல்லிவைப்பது. பெரிய பிளானைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வழி ஒன்றுதான். ஹாட்ஸ்பாட்டோடு இணைந்த நிலையில் செட்டிங்ஸைத் திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் வைஃபை, இணைந்திருக்கும் பெயரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்று உள்ளே போனால் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்ற பொத்தான் இருக்கும். அதைப் போட்டதும் விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் நின்றுவிடும். ஒருசில கட்டாய அப்டேட்டுகள் மட்டும் அப்போதும் இறங்கலாம். ஒன்டிரைவ் தானாக இடைநிற்கும். இந்த அமைப்பு அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரோடு ஒட்டியது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினாலோ வேறு போனில் இணைத்தாலோ மறுபடியும் போட வேண்டும். யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் விண்டோஸ் அதை ஈதர்நெட் என்று காட்டும். அங்கேயும் தனியாக ஒருமுறை போட வேண்டும்.

அதே செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே இறக்கிய அப்டேட்டை மற்றக் கணினிகளோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இணையத்தில் உள்ள கணினிகளுக்கும் அனுப்பும்படி அமைந்திருந்தால், உங்கள் சிம் டேட்டா முகம் தெரியாத யாருக்கோ அப்லோடாகப் போய்க்கொண்டிருக்கும். சந்தேகமில்லாமல் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் எல்லாச் செயலிகளும் அடங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். மீட்டர்ட் என்ற குறியை மதிப்பதா இல்லையா என்பது ஒவ்வொரு செயலியும் தானாக எடுக்கும் முடிவு. கணினி விளையாட்டுகளை விற்கும் செயலிகளும் பல பிரவுசர்களும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு விளையாட்டின் அப்டேட் 20 ஜிபியைத் தாண்டுவது இன்று சாதாரணம். அந்தச் செயலிக்குள்ளேயே போய், தானாக அப்டேட் ஆவதை நிறுத்த வேண்டும். கணினி தொடங்கும்போதே அது கிளம்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எது எவ்வளவு குடித்தது என்று பார்க்க, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியிலேயே 'டேட்டா யூசேஜ்' பக்கம் இருக்கிறது. செயலிவாரியாகக் காட்டும். முதல் ஒரு வாரம் தினமும் இதைப் பாருங்கள். உங்கள் கணினியில் ஓட்டை எங்கே என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

மேக்கில் வென்ச்சுரா பதிப்பு முதல் வைஃபை பெயரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதிக்குள் 'லோ டேட்டா மோட்' இருக்கிறது. ஐபோனில் அது 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் உண்டு. லினக்ஸில் க்னோம் திரை வைத்திருப்பவர்களுக்கு வைஃபை இணைப்பின் அமைப்புகளில் மீட்டர்ட் என்று குறிக்கும் பெட்டி கிடைக்கும். டெர்மினலில் நாமே கொடுக்கும் அப்டேட் கட்டளைகள் அதைப் பொருட்படுத்தாது. ஒரு ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு ஆண்ட்ராய்டை இணைத்தால் இந்தத் தலைவலி இல்லை. ஐபி முகவரி கொடுக்கும்போதே "இது மீட்டர் உள்ள இணைப்பு" என்று முதல் போன் ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பிவிடும். டிவிக்கு இது எதுவுமே புரியாது. கிடைக்கிற வேகத்துக்கு ஏற்ப உச்சத் தரத்தில் படம் ஓட்டுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைக்கிறவர்கள், அதில் உள்ள ஒவ்வொரு செயலியிலும் தரத்தைக் கையாலேயே குறைத்து வைக்க வேண்டும்.

எவ்வளவு டேட்டா வேண்டும்?

ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும்: 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 லட்சம் பிட்) வேகத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 450 எம்பி. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 1 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 0.125 எம்பி, அதை 3,600 நொடியால் பெருக்கினால் 450. மற்றக் கணக்குகள் எல்லாம் இதிலிருந்தே வரும். 128 கேபிபிஎஸ் (1,000 கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்) தரத்தில் பாட்டுக் கேட்டால் மணிக்கு 58 எம்பி. 320 கேபிபிஎஸ் என்றால் 144 எம்பி. 480பி காணொளி சுமார் 1 எம்பிபிஎஸ் எடுக்கும் என்று வைத்தால் அரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. 1080பி தரம் 5 எம்பிபிஎஸ் என்றால் 2.25 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் தரும் கணக்கு இன்னும் தெளிவானது: 'லோ' தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி வரை, 'மீடியம்' 0.7 ஜிபி வரை, 'ஹை' என்று வைத்தால் எச்டிக்கு 3 ஜிபி வரை, அல்ட்ரா எச்டிக்கு 7 ஜிபி வரை. 'லோ'வுக்கும் 'ஹை'க்கும் நடுவே குறைந்தது பத்து மடங்கு. ஆறு அங்குலத் திரையில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். படம் பார்ப்பதை விட்டுவிட வேண்டியதில்லை, தரத்தைக் குறைத்தாலே பிளான் தாங்கும்.

வீடியோ கூட்டத்தில் வேறொரு சங்கதி உண்டு. நம் முகமும் குரலும் மேலே போவதையும் மீட்டர் எண்ணும். இரு பக்கமும் 600 கேபிபிஎஸ் என்றால் கூட்டு 1.2 எம்பிபிஎஸ், மணிக்கு 540 எம்பி. கேமராவை அணைத்து, மற்றவர்களின் படம் வருவதையும் நிறுத்தி, குரல் மட்டும் என்றால் 70 எம்பி அளவில் முடிந்துவிடும். கேமராவை அணைத்தும் டேட்டா குறையவில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். அவர்கள் அணைத்தது தங்கள் கேமராவை மட்டும். மற்ற ஒன்பது பேரின் படம் வந்துகொண்டேதான் இருந்திருக்கும். வரும் படத்தை நிறுத்தும் பொத்தான் பெரும்பாலான கூட்டச் செயலிகளில் தனியாக இருக்கிறது.

வேகப் பரிசோதனையும் சும்மா கிடைப்பதில்லை. 100 எம்பிபிஎஸ் வரும் இடத்தில் 12 நொடி ஓடும் ஒரு சோதனை, இறக்கத்துக்கு மட்டும் 150 எம்பி தின்னும். 1 ஜிபி பிளானில் ஆறு முறை சோதித்தால் அன்றைய கணக்கு அதிலேயே தீர்ந்தது.

பிரவுசரில் யுபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பானைப் போடுவது, என்னைக் கேட்டால், கணினியில் செய்யக்கூடிய மிகப் பெரிய மிச்சம். விளம்பரத்தோடு வரும் தானாக ஓடும் காணொளியும் கண்காணிப்பு நிரல்களும் வராமலே போகும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட படங்களையும் காணொளிகளையும் நிறுத்தி வைக்கும் ஓர் அமைப்பும் அதில் இருக்கிறது. அளவை நாமே கேபியில் கொடுக்கலாம். வேண்டிய படத்தைச் சொடுக்கினால் அது மட்டும் வரும்.

பிளானின் பொடி எழுத்து

ஒரு நாளுக்கு 1.5 ஜிபி, 28 நாள் என்று ஒரு பிளான். பெருக்கினால் 42 ஜிபி. பக்கத்திலேயே 28 நாளுக்கு மொத்தமாக 40 ஜிபி என்று இன்னொன்று. எண்ணைப் பார்த்தால் முதலாவது பெரிதாகத் தோன்றும். வார நாட்களில் 400 எம்பியும் வார இறுதியில் நாளுக்கு 4 ஜிபியும் செலவழிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வார நாட்களுக்கு 8 ஜிபி, 8 விடுமுறை நாட்களுக்கு 32 ஜிபி. அவருடைய தேவை சரியாக 40. முதல் பிளானில் விடுமுறை நாட்களில் அவருக்குக் கிடைப்பது 1.5 வீதம் 12 ஜிபிதான். வார நாள் மிச்சமோ அன்றன்று நள்ளிரவில் அழிந்துவிடும். ஆக, 42 ஜிபி வாங்கி 20 ஜிபி பயன்படுத்துகிறார். கணினியில் வேலை செய்பவர்களின் செலவு பெரும்பாலும் இப்படி மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அவர்களுக்கு மொத்த அளவு பிளான்தான் பொருந்தும். தினமும் ஒரே அளவு பார்ப்பவருக்கு நாள் அளவு பிளானே நல்லது, ஒரு நாள் கைமீறினாலும் மறுநாள் புதிதாகத் தொடங்கும்.

நாள் அளவு பிளானில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி: நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இருந்தால் மீட்டர்ட் குறியை எடுத்துவிட்டு, காத்திருக்கும் அப்டேட்டுகளை அந்த மிச்சத்தில் இறக்குங்கள். அப்டேட்டே வேண்டாம் என்று மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது ஆபத்து. பாதுகாப்பு ஒட்டுகள் அதில்தான் வருகின்றன.

28 நாள் என்பதையும் கவனியுங்கள். ஆண்டுக்கு 12 ரீசார்ஜ் என்று நினைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள், 28 நாள் வீதம் போனால் 13 ஆகிவிடும். இரண்டு பிளான்களை ஒப்பிடும்போது விலையை நாளால் வகுத்து, பிறகு நீங்கள் ஒரு நாளில் உண்மையில் பயன்படுத்தும் சராசரி ஜிபியால் வகுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள ஜிபியால் வகுத்தால் தவறான விடைதான் வரும்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கீழே மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகம் 64 அல்லது 128 கேபிபிஎஸ் ஆவது. இரண்டு, போனுக்கு அளவில்லை, ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு. மூன்று, காணொளிக்கு மட்டும் 480பி அளவில் வேகத்தைக் கட்டுவது. மூன்றாவது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபாஸ்ட் டாட் காம் என்ற சோதனைத் தளம் நெட்ஃபிளிக்ஸின் சொந்தச் சர்வர்களிலிருந்து ஓடுவது. சாதாரண வேகச் சோதனை 30 எம்பிபிஎஸ் காட்டி, அதே இடத்தில் அதே நிமிடத்தில் ஃபாஸ்ட் 2 எம்பிபிஎஸ் காட்டினால், காணொளிக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொன்று பொடி எழுத்திலும் தெளிவாக இருக்காது. டவர் நெரிசலில் இருக்கும்போது யாருக்கு முதலில் இடம் என்பதற்கு நெட்வொர்க்கில் முன்னுரிமை வரிசை உண்டு. சொந்த டவர் இல்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து விற்கும் மலிவு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் அந்த வரிசையில் பின்னால் நிற்கக்கூடும். விடியற்காலை 5 மணிக்கு 60 எம்பிபிஎஸ், இரவு 9 மணிக்கு 1 எம்பிபிஎஸ் என்று வந்தால் சிக்னலைக் குறை சொல்லிப் பயனில்லை. புது சிம் வாங்கிச் சோதிப்பவர்கள் பகலில் சோதித்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நீங்கள் வேலை செய்யும் நேரத்தில், வேலை செய்யும் நாற்காலியில் வைத்துச் சோதியுங்கள்.

ஹாட்ஸ்பாட் டேட்டாவை நிறுவனம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பலர் வியப்பார்கள். இணையத்தில் டேட்டா சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும், ஒவ்வொரு பொட்டலத்திலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் அதை 64 என்று தொடங்கும், விண்டோஸ் 128 என்று தொடங்கும். ஒரு ரவுட்டரைக் கடக்கும்போது எண் ஒன்று குறையும். ஹாட்ஸ்பாட்டில் போனே ரவுட்டர் என்பதால், லேப்டாப்பின் பொட்டலம் 127 ஆக வெளியேறும். போனிலிருந்து நேராக வந்தது இல்லை என்று அந்த ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். இதை மறைக்கும் வழிகளைத் தேடுவதில் பொழுதைக் கழிக்காதீர்கள். ஒப்பந்த மீறல் என்று சிம்மையே முடக்க நிறுவனத்துக்கு உரிமை இருக்கும், வேலைக்கு நம்பியிருக்கும் இணைப்பில் அந்த ஆட்டம் வேண்டாம். ஹாட்ஸ்பாட்டை வெளிப்படையாக அனுமதிக்கும் சிறிய பிளானே மேல்.

வைஃபையா, கேபிளா?

ஒரே லேப்டாப் என்றால் என் ஓட்டு யுஎஸ்பி கேபிளுக்குத்தான். பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசல் பாதிக்காது, போன் குறைவாகச் சூடாகும், யுஎஸ்பி 2.0-வின் 480 எம்பிபிஎஸ் தாராளமாகப் போதும். போன் அதிலேயே சார்ஜும் ஆகும். லேப்டாப்பின் பேட்டரிதான் கொஞ்சம் வேகமாக இறங்கும். கேபிளைச் செருகியும் 'யுஎஸ்பி டெதரிங்' பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவான கேபிள்கள் பலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டும் இருக்கும், டேட்டாவுக்கான இரண்டு கம்பிகள் இருக்காது. விண்டோஸில் ஐபோனை இப்படி இணைக்க ஆப்பிளின் மென்பொருள் முதலில் வேண்டும். மேக்கில் பல ஆண்ட்ராய்டு போன்கள் கேபிளில் வேலை செய்வதில்லை. அவை பேசும் பழைய நெறிமுறைக்கு மேக்கில் டிரைவர் இல்லை.

வைஃபைதான் வேண்டும் என்றால் 2.4-ஆ 5 ஜிகாஹெர்ட்ஸா என்பதைத் தெரிந்து தேர்ந்தெடுங்கள். ஒரே அறைக்குள் 5 வேகமாக இருக்கும். சுவர் நடுவே வந்தால் 2.4 தாங்கும். பழைய லேப்டாப்பிலும் பிரிண்டரிலும் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியவில்லை என்றால், 5-இல் வைத்திருப்பீர்கள். ஐபோன் 12 முதல் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானைப் போட்டால்தான் 2.4-க்கு இறங்கும். பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தாலும் பழைய கருவிகள் இணையாது, 2-உம் 3-உம் கலந்த தேர்வை வையுங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயரில் மேற்கோள் குறி, எமோஜி இல்லாமல் சாதாரண எழுத்தும் எண்ணுமாக இருக்கட்டும்; சில டிவிகளும் பிரிண்டர்களும் அதில் தடுமாறும்.

2.4-இல் வேகம் திடீரென்று சரிகிறது, காரணம் பிடிபடவில்லை என்றால், லேப்டாப்பில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் ரேடியோ இரைச்சல் சரியாக 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழுகிறது என்று 2012-இலேயே இன்டெல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டிஸ்க்கை நீளமான கேபிளில் தள்ளி வைத்தால் சரியாகும்.

புளூடூத் வழியாகவும் நெட் பகிரலாம். 1 அல்லது 2 எம்பிபிஎஸுக்கு மேல் வராது, ஆனால் பேட்டரி நெடுநேரம் நிற்கும். எழுத்து வேலை மட்டும் செய்பவருக்கு அந்த வேகக் குறைவே ஒரு வேலி. பின்னணியில் எதுவும் பெரிதாக இறங்க முடியாது.

கம்பிகளை நம்பாதீர்கள்

திரை மூலையில் தெரியும் சிக்னல் கம்பிகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு போனும் தன் விருப்பப்படி வரையும். டிபிஎம் என்ற சிக்னல் அலகில் வரும் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் 'அபவுட் போன்' பகுதிக்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' அல்லது பல போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தால் வரும் பக்கம். ஐபோனில் *3001#12345#*. 4ஜியில் பார்க்க வேண்டியது ஆர்எஸ்ஆர்பி, டவர் சிக்னலின் வலுவைச் சொல்லும் எண். மைனஸ் 80 மிக நன்று, 90 நன்று, 100 சுமார், 110-க்குக் கீழே போனால் தொல்லை. 3 டிபி கூடினால் சிக்னல் இரட்டிப்பு என்பதால், மேசையிலிருந்து ஜன்னலுக்கு நகர்த்தி 10 டிபி பெற்றால் சிக்னல் பத்து மடங்கு கூடியதாகப் பொருள்.

அதோடு எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணையும் பாருங்கள். அது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். 20-க்கு மேல் அருமை, 0-க்குக் கீழே போனால் ஆர்எஸ்ஆர்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கம் திறக்கத் திணறும். இரண்டு டவர்களுக்கு நடுவில் இருக்கும் வீடுகளில் இப்படி ஆகும். அங்கே போனை உயரத்தில் வைப்பதைவிட, ஒரு டவரைப் பார்த்த ஜன்னலில், மற்ற டவரைச் சுவர் மறைக்கும்படி வைத்தால் பலன் கிடைக்கும். வெயிலைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி ஜன்னல் என்றால் கண்ணாடி சாத்தியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் எண்ணைப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

ஹாட்ஸ்பாட் போனைப் பையிலோ கையிலோ வைத்திருப்பதில் அர்த்தமில்லை. டவர் சிக்னல் நன்றாக வரும் இடத்தில் போனை நிறுத்திவிட்டு, உங்களுக்கும் போனுக்கும் நடுவே உள்ள தூரத்தை வைஃபை சுமக்கட்டும்.

ஜன்னலில் வைக்கிறேன் என்று வெயிலில் வைத்துவிடக் கூடாது. ஹாட்ஸ்பாட் ஓடும் போனில் மோடமும் வைஃபையும் சேர்ந்து உழைக்கும், சார்ஜரும் செருகியிருந்தால் மூன்று பக்கச் சூடு. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் போன் வேகத்தைத் தானே குறைக்கும். அதற்கும் மேலே போனால் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும். லித்தியம் பேட்டரிக்கு 100 சதவீதச் சார்ஜும் சூடும் சேர்ந்து வருவதுதான் மிகக் கெடுதல். தினமும் எட்டு மணி நேரம் இப்படி ஓடிய போனின் பேட்டரி உப்பி, பின் மூடி எழும்பத் தொடங்கலாம். உப்பிய பேட்டரியை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, உடனே மாற்ற வேண்டும். உறையைக் கழற்றி வையுங்கள், 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு உங்கள் போனில் இருந்தால் போட்டு வையுங்கள்.

நாள் முழுதும் ஹாட்ஸ்பாட் வேண்டும் என்ற நிலை வந்தால் தனிக் கருவிக்குப் போகலாம். வாங்குமுன் அதன் எல்டிஇ (4ஜி) வகை எண்ணைப் பாருங்கள். மலிவானவை 'கேட் 4': உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ், இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்துப் பிடிக்கும் திறன் இல்லை. 'கேட் 6' முதல் அது உண்டு. இன்றைய நடுத்தரப் போன்கள் பலவும் கேட் 4-ஐத் தாண்டியவை என்பதால், புது ரவுட்டரை வாங்கிவிட்டுப் போனைவிட மெதுவாக இருக்கிறதே என்று ஏமாறுபவர்கள் உண்டு. உங்கள் பகுதி டவர் பயன்படுத்தும் பட்டை எண்கள் கருவியின் பட்டியலில் இருக்கின்றனவா, கருவி ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சிக்னல் மிகக் குறைந்த இடத்தில் வெளி ஆன்டெனா செருகும் துளை உள்ள ரவுட்டர் வேண்டும்; 4ஜிக்கு இரண்டு ஆன்டெனா, ஒன்றுக்கொன்று 90 டிகிரி திருப்பி வைத்து. ஒன்றை மட்டும் செருகினால் பாதிப் பலன் போய்விடும்.

இணைந்திருக்கிறது, நெட் வரவில்லை

முதலில் போனிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்றால் பிளானில் ஹாட்ஸ்பாட் அனுமதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அனுமதி இருந்தும் வராவிட்டால் ஏபிஎன் அமைப்பில் சிக்கல்; போன் எந்த வாசல் வழியாக நெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வது அது. சில நிறுவனங்கள் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி ஏபிஎன் வைத்திருக்கும். ஏபிஎன் பக்கத்தில் பழைய நிலைக்கு மீட்கும் தேர்வை அழுத்தி, விமானப் பயன்முறையை அரை நிமிடம் போட்டு எடுத்தால் பெரும்பாலும் தீரும். ஹாட்ஸ்பாட் பொத்தானையே தொட முடியவில்லை என்றால், பல ஆண்ட்ராய்டு போன்களில் 'டேட்டா சேவர்' ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். இரண்டும் சேர்ந்து இயங்காது. சிறிது நேரத்தில் தானாக அணைகிறது என்றால் 'ஆட்டோமேட்டிக்காக அணை' என்ற அமைப்பையும் பேட்டரி சேமிப்பையும் பாருங்கள். ஐபோனில் முதல் கருவி இணையும்வரை 'பர்சனல் ஹாட்ஸ்பாட்' திரையை மூடாமல் வைத்திருக்க வேண்டும்.

அழைப்பு வரும்போதெல்லாம் நெட் நிற்கிறது என்றால் வோல்ட்டி (4ஜியிலேயே அழைப்பு பேசும் வசதி) அணைந்திருக்கும், அல்லது அழைப்பு இரண்டாவது சிம்மில் வந்திருக்கும். பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு சிம் பேசும்போது மற்றதன் டேட்டா நிற்கும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன, அதுவும் அலுவலக விபிஎன் போட்டால் மட்டும் என்றால் பொட்டல அளவைச் சந்தேகியுங்கள். விபிஎன்னின் எம்டியு மதிப்பை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1,400-க்கோ, அதற்கும் சரிவராவிட்டால் 1,280-க்கோ குறைத்தால் சரியாகிவிடும். போனில் போட்ட விபிஎன், ஹாட்ஸ்பாட்டில் உள்ள லேப்டாப்பைப் பாதுகாக்காது என்பதும் பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் லேப்டாப்பின் போக்குவரத்து அதற்கு வெளியேதான் போகும். லேப்டாப்பிலேயே தனியாகப் போட வேண்டும்.

வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்தும் வேலை செய்யவில்லையா? ரவுட்டர் காட்டும் ஐபி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையே தொடங்கினால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மொபைல் நெட்வொர்க்கில் இதுதான் வழக்கம். போர்ட் திறப்பதை விட்டுவிட்டு, கேமரா நிறுவனத்தின் கிளவுட் சேவையையோ கருவிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றையோ பயன்படுத்துங்கள்.

எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸுக்கு இறங்கிவிட்டால் கையில் இருப்பது நொடிக்கு 8 கேபி. ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி. எழுத்துச் செய்தியும் கோப்பு எதுவும் சேர்க்காத மின்னஞ்சலும் அதில் போகும், வேறு எதுவும் அந்த 8 கேபிக்குப் போட்டியிடாமல் இருந்தால். லேப்டாப்பைத் துண்டியுங்கள். போனில் டேட்டா சேவரைப் போட்டு, செய்திச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்; அதற்குள் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். மின்னஞ்சலைச் செயலியில் திறங்கள், பிரவுசரில் திறந்தால் அந்தப் பக்கமே சில எம்பி கேட்கும். 2 எம்பி படம் ஒன்றை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதை 200 கேபியாகச் சுருக்கி அனுப்பினால் அரை நிமிடத்துக்குள் போய்ச் சேரும்.